கேசட் மாத்தினா கேபிளைத் தொடாதீங்க!

கோவிந்தாபுரம் செக்போஸ்ட் பக்கம் அப்பாவோட கியரில்லா சைக்கிளை மிதிச்சு வளர்ந்தவன் நான். இங்கே வீட்டுக்குப் போற மேடு ஆளைக் கொல்லுது. அதான் 11-25 கேசட்டைக் கழட்டிட்டு 11-32 மாட்டினேன் (டீரெய்லர் 32 பல்லைத் தாங்குமான்னு பார்த்துட்டுதாங்க).

கரகரன்னு சத்தம். எல்லாரையும் போல நானும் ஒரு மணி நேரம் கேபிளைத் திருகினேன். வேஸ்ட்!

கேசட் பெருசானா முதல்ல பார்க்க வேண்டியது செயின் நீளம். டீரெய்லர்ல நுழைக்காம, முன்னாடி பின்னாடி ரெண்டு பெரிய பல்சக்கரத்தையும் சுத்திப் பிடிங்க. ரெண்டு கண்ணியாவது மிச்சம் வரணும். பத்தலைன்னா, ரெண்டும் பெரிய சக்கரத்துல போட்டு மிதிக்கிறப்ப டீரெய்லரே பிய்ஞ்சு போக்ஸ் கம்பிக்குள்ள போயிடும். அடுத்தது பி ஸ்க்ரூ. டீரெய்லரோட மேல் குட்டிச் சக்கரம் பெரிய பல்சக்கரத்துல உரசாம 5-6 மி.மீ. தள்ளி நிக்கணும். கேபிள் கடைசியில.

நாளைக்கு ஸ்கூலுக்கு இதுல போகப்போறது என் பையன். செயினை இன்னொரு தடவை சுத்திப் பார்த்துட்டேன் :-)