வேலை முடிந்தது என்று சொல்ல வேண்டியவர் யார்?

கொடுத்த கை, கொடுத்த அந்தக் கணத்திலேயே தன் கடமை தீர்ந்ததென்று எண்ணிக்கொள்வது மனித இயல்பு. அரசாங்கத்தின் கைக்கோ இவ்வியல்பு இன்னும் மிகுதி. எத்தனை வீடுகளுக்குக் கொடுத்தோம் என்று கணக்கெழுதத் தெரிந்த அதற்கு, கொடுத்தது அந்த வீட்டுக்குள் என்னவாயிற்று என்று கேட்கத் தெரிவதில்லை. ஏழையின் வீட்டைச் செப்பனிடப் புகுந்தவர், செப்பனிட்ட அவ்வீட்டில் அவன் ஒரு குளிர்காலத்தை நலமாகக் கழித்தான் என்று கண்டறியும் வரையில் தம் வேலையை முடித்தவராகார். இதுவே என் வாதம். இதற்குச் சான்றாகச் செல்வமும் சட்டமும் தணிக்கையும் நிரம்பிய பிரிட்டன் நாட்டையே எடுத்துக்கொள்கிறேன்.

அந்நாட்டின் பழைய வீடுகள் பலவும் திண்ணிய செங்கற்சுவர் கொண்டவை. உள்ளே மூட்டும் வெப்பம் சுவர் வழியே வெளியேறிவிடும். கையில் காசில்லாத முதியோரும் நோயாளரும் பாதி வருமானத்தைக் கொதிகலனுக்குக் கொடுத்துவிட்டு மீதிப் பாதியில் வயிறு கழுவ வேண்டும். அல்லது கொதிகலனை அணைத்துவிட்டுக் குளிரில் நடுங்க வேண்டும். இவ்வவலத்தைத் தீர்க்க, எரிசக்தி நிறுவனங்கள் தம் செலவில் ஏழை வீடுகளுக்கு வெப்பக்காப்பு இட்டுத் தரவேண்டும் என்ற கடப்பாட்டை 2013இல் அந்த அரசு விதித்தது. அதன் நான்காம் கட்டம் 2022இல் தொடங்கியது. 2023இல் இன்னொரு வெப்பக்காப்புத் திட்டமும் அதனோடு சேர்ந்தது. நோக்கத்தில் குறையில்லை, நல்ல நோக்கம்தான். ஆனால் நோக்கம் சுவரில் ஒட்டிக்கொண்டு மழையைத் தடுக்காதே!

2025 அக்டோபரில் அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையைப் படித்தவர் திடுக்கிடாமல் இருக்க முடியாது. அவ்விரு திட்டங்களின் கீழும் வெளிச்சுவர்க் காப்பு இடப்பட்ட வீடுகளில் 98 விழுக்காட்டில், திருத்தியே ஆகவேண்டிய பெருங்குறைகள் உள்ளன என்பது அதன் மதிப்பீடு. அதாவது 22,000 முதல் 23,000 வீடுகள். உட்சுவர்க் காப்பு இடப்பட்டவற்றிலோ 29 விழுக்காடு. 9,000 முதல் 13,000 வீடுகள். சிலவற்றில் மின்கம்பிகள் திறந்து கிடந்தன. சிலவற்றில் கொதிகலனின் காற்றுவழியே அடைபட்டிருந்தது. ஒன்றிரண்டு தவறியிருந்தால் கைத்தவறு எனலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு தவறினால் அதற்குக் கைத்தவறு என்றா பெயர்?

இக்குறைகள் அந்த வீட்டாரை என்ன செய்கின்றன என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். காப்புப் பலகையின் விளிம்பு சரியாக மூடப்படாவிட்டால் மழைநீர் அதன் பின்னே இறங்கும். முன்பு காற்றுப்பட்டு உலர்ந்த சுவர், இப்போது போர்வைக்குள் நனைந்தபடியே நிற்கும். மூச்சிலும் அடுப்பிலும் குளியலிலும் எழும் ஈரம், இண்டு இடுக்கெல்லாம் அடைத்த வீட்டிலிருந்து வெளியேற வழியின்றிக் குளிர்ந்த மூலைகளில் படியும். பின்பு பூஞ்சணம் படரும், சுண்ணம் உதிரும். வெப்பம் வேண்டி விண்ணப்பித்த ஆஸ்துமா நோயாளி, இப்போது தன் வீட்டுச் சுவருக்கே அஞ்சி வாழ்கிறார்.

இதற்கு அதிகார வட்டாரம் தரும் விடைகள் மூன்று. மூன்றும் சொத்தை.

முதல் விடை: இலவசமாகக் கொடுத்ததில் குறை பார்க்கலாமா என்பது. இலவசம் என்று சொன்னது யார்? எரிசக்தி நிறுவனங்கள் இச்செலவைத் தம் பெட்டியிலிருந்து எடுத்துத் தரவில்லை. நாட்டு மக்கள் எல்லோருடைய மின் கட்டணத்திலும் எரிவாயுக் கட்டணத்திலும் ஏற்றித் திரும்ப வாங்கிக்கொண்டன. ஒற்றை விளக்கெரிக்கும் மூதாட்டியும் அதில் தன் பங்கைச் செலுத்தியிருக்கிறாள். ஆகவே அவள் இரவலாளி அல்லள், விலை கொடுத்தவள். வாங்கிய பொருளில் மறைந்திருந்த குற்றம் பின்னர் வெளிப்பட்டால் அதைத் திருப்பும் உரிமை வாங்கியவனுக்கு உண்டு என்பதை நம் ஃபிக்ஹு நூல்கள் ‘கியாருல் ஐபு’ என்று பெயரிட்டு விரித்துப் பேசும். சட்டையைத் திருப்பித் தரலாம். சுவரோடு ஒட்டிய பலகையை அவள் எங்கே கொண்டுபோய்த் திருப்புவாள்?

இரண்டாம் விடை இதனினும் கொடியது: வீட்டார் வாழும் முறை சரியில்லை, துணியை உள்ளே உலர்த்துகிறார்கள், ஜன்னலைத் திறப்பதில்லை என்பது. இந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ரோச்டேல் நகரம் காட்டியது. 2020 டிசம்பரில், பூஞ்சணம் படர்ந்த ஒரு வாடகை வீட்டில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை மூச்சு நோயால் மாண்டது. அது வெப்பக்காப்பு இட்டதால் விளைந்த கேடன்று. எனினும் குடியிருப்போர்மேல் பழிபோடும் புத்தி ஒன்றே. சூடானிலிருந்து வந்த அந்த முஸ்லிம் குடும்பத்தின் தகப்பனார் திரும்பத் திரும்ப முறையிட்டிருந்தார். வீட்டு நிறுவனமோ, அவர்கள் குளிக்கும் வழக்கத்தின்மேல் பழிபோட்டது. அவர்கள் வாழ்க்கைமுறை பற்றித் தான் ஊகம் செய்தது தவறு என்று 2022இல்தான் ஒப்புக்கொண்டது. அக்குழந்தையின் பெயரால் அமைந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வாடகை வீடுகளில் நடைமுறைக்கு வந்தது. அபாயமான ஈரமும் பூஞ்சணமும் பற்றி முறையீடு வந்தால் 10 வேலைநாட்களுக்குள் ஆராய வேண்டும். அவசர ஆபத்தாயின் 24 மணி நேரத்துக்குள் செயற்பட வேண்டும் என்பது அதன் விதி. நன்று. ஒரு குழந்தையைப் புதைத்த பிறகுதானா இந்த நன்மை?

குளிப்பதும் சமைப்பதும் குற்றங்களல்ல. வீடு என்பது அவற்றுக்காகவே கட்டப்படுவது. மனிதர் மூச்சு விட்டால் கெட்டுப்போகும் வீட்டைச் செய்து கொடுத்துவிட்டு, மூச்சு விட்டவரைக் குறை கூறுவது எந்த ஊர் நியாயம்?

மூன்றாம் விடை: உத்தரவாதம் உண்டே, முறையிடலாமே என்பது. உண்டுதான், தாளில் உண்டு. வேலையை எடுத்தவர் ஒருவர்; அவரிடமிருந்து துணை ஒப்பந்தம் பெற்றுச் செய்தவர் வேறொருவர்; சான்றிதழ் தந்தவர் மூன்றாமவர்; பணம் தந்த எரிசக்தி நிறுவனம் நான்காவது; கண்காணிக்கும் ஆணையம் ஐந்தாவது; அமைச்சகம் ஆறாவது. கண் மங்கிய ஒரு முதியவர், ஆங்கிலம் சரளமாக வராத ஒரு தாய், மனநலம் குன்றிய ஓர் இளைஞன், இந்த ஆறு வாசல்களில் எதைத் தட்டுவார்? ஒவ்வொரு வாசலும் அடுத்த வாசலைக் கைகாட்டும். பொறுப்பு பலருடையது என்றாகும்போது அது ஒருவருடையதும் அன்று என்றாகிவிடுகிறது. மெலிந்தவர் என்பதற்காகவே தேர்ந்தெடுத்து உதவியவர்களிடம், வலியவர்களால் மட்டுமே நடத்தக்கூடிய வழக்கை நடத்தச் சொல்வது கொடுமையிலும் கொடுமை.

குடியிருப்பவனின் குரல் கேட்கப்படாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தைவிடப் பெரிய சான்று வேண்டுமா? வெப்பம் காப்பதும் நோக்கமாகக் கொண்டு, 2016இல் முடிந்த சீரமைப்பில், அக்கோபுரத்தின்மேல் தீப்பற்றும் பலகைகளைப் போர்த்தினார்கள். 2017 ஜூன் 14 அன்று, நோன்பு மாதத்தின் ஓர் இரவில், அது எரிந்து 72 உயிர்கள் போயின. ஸஹருக்காக விழித்திருந்தவர்கள் அண்டை வீட்டுக் கதவுகளைத் தட்டி எழுப்பியதாகச் செய்திகள் வந்தன. தீப்பாதுகாப்பு பற்றிக் குடியிருந்தோர் முன்னரே குரலெழுப்பியிருந்தார்கள். முறையிட்டோரில் சிலரை நிர்வாகம் கலகக்காரர்களாகவே கருதியது என்று 2024இல் வெளிவந்த விசாரணை அறிக்கை எழுதி வைத்தது. வீட்டின் முதல் தணிக்கையாளன் அதில் உறங்குபவன். அவனைக் கலகக்காரன் என்றவர்கள் கடைசியில் சாம்பலை அல்லவா தணிக்கை செய்தார்கள்!

ஆகவே செய்ய வேண்டுவன எவை? வேலைக்கான கூலியில் ஒரு பகுதியை, ஒரு முழுக் குளிர்காலம் கழியும் வரை நிறுத்தி வைக்க வேண்டும். வேலை செய்தவரிடம் சம்பளம் பெறாத ஒருவர் நேரில் வந்து பார்த்து, குடியிருப்பவர் வாயாலும் கேட்ட பின்னரே அது கொடுபட வேண்டும். முறையீட்டுக்கு ஒரே ஒரு வாசல் இருக்க வேண்டும். அதில் மனிதக் குரல் பதில் சொல்ல வேண்டும். பழுதை முதலில் நீக்க வேண்டும். பழி யாருடையது என்ற வழக்கைப் பின்னர் அவர்கள் தமக்குள் நடத்திக்கொள்ளட்டும். அதற்கான பொது நிதியை இத்தொழிலில் ஊதியம் காண்பவர்களே இட வேண்டும். புதிய கருவியை இயக்கும் முறையையும் காற்றுவழியைத் திறந்து வைக்க வேண்டிய காரணத்தையும் அவ்வீட்டார் பேசும் மொழியில், அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். ஒருமுறை சொன்னால் போதாது. முதல் மாதத்திலும் முதற்குளிரிலும் மறுகுளிரிலும் சென்று பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் செலவாகும், அதனால் வீடுகளின் எண்ணிக்கை குறையும் என்பார்கள். குறையட்டும். ஒட்டியதைப் பெயர்த்து மீண்டும் ஒட்ட வேண்டிய இருபதினாயிரம் வீடுகள் எந்தக் கணக்கில் சேரும்? வரவிலா, செலவிலா? மெய்யாகவே வெப்பம் பெற்ற பத்து வீடு, பூஞ்சணம் பூத்த நூறு வீட்டினும் மேல்.

வெப்பக்காப்பு வேண்டாம் என்பதன்று என் கட்சி. குளிரில் வாடும் முதியோருக்கு அது மருந்துக்கு நிகரானது. ஆயினும் மருந்து கொடுத்த வைத்தியன் மறுநாள் நாடி பார்க்க வரவேண்டாமா? ஓர் ஏழை தன் வீட்டுக் கதவைத் திறந்து, அந்நியரை உள்ளே விட்டு, தன் சுவர்களை அவர் கையில் ஒப்படைக்கிறான். அது அமானிதம். ‘வேலை முடிந்தது’ என்று எழுதிக் கையொப்பமிடும் உரிமை ஒப்பந்தக்காரருக்கும் இல்லை, அமைச்சருக்கும் இல்லை. அச்சுவர்களுக்கு உள்ளே வாழ்கிறவனுக்கே உண்டு.