கையெழுத்தோடு சமாதானம் வந்துவிடாது



கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தானது என்றால் நமது லயங்களில் இரண்டு கேள்விகள் எழும். அதில் என்ன இருக்கிறது? சொன்னதைத் தருவார்களா? நாட்டின் சமாதான ஒப்பந்தங்களிடமும் நாம் இதையே கேட்க வேண்டும்.

1957 ஜூலையில் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் பிராந்திய சபைகளுக்கு உடன்பட்டார்கள். ஐ.தே.க. அதை எதிர்த்துக் கண்டிக்குப் பாதயாத்திரை கிளம்பியது. 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் வீட்டு வாசலில் வந்து அமர்ந்தார்கள். ஒப்பந்தம் அன்றே கைவிடப்பட்டது. அடுத்த மாதம் இனக்கலவரம் வெடித்தது.

1987 ஜூலையில் ஜே.ஆர். ஜயவர்தனவும் ராஜீவ் காந்தியும் கையெழுத்திட்டார்கள். போரில் நின்ற புலிகள் அதில் கையெழுத்திடவில்லை. ஒக்டோபரில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் யுத்தம் மூண்டது. மாகாண சபைகள் வந்தன. சட்டத்தில் எழுதிய காணி, பொலிஸ் அதிகாரங்கள் அவற்றின் கைக்கு வரவில்லை.

2002 பெப்ரவரியில் நோர்வேயின் முயற்சியால் யுத்தநிறுத்தம் வந்தது. கண்காணிப்புக் குழு மீறல்களை விசாரித்து அறிக்கை எழுதலாம். தடுக்க அதிகாரம் இல்லை. பேச்சு மேசையில் தனித்தரப்பாக இடம் கேட்ட முஸ்லிம்களுக்கு அது கிடைக்கவில்லை. 2008 ஜனவரியில் அரசாங்கம் விலகிக்கொண்டது.

குறை ஒன்றேதான். மேலே இருப்பவர்கள் பேசி முடிக்கிறார்கள். அதோடு வாழப்போகிறவர்களிடம் கேட்பதில்லை. மீறினால் யார் பொறுப்பு என்றும் எழுதுவதில்லை.

மலையகத்துக்கு இது புதிதல்ல. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. நம் பாட்டன் பாட்டிமாரை யாரும் கேட்கவில்லை. மிச்சப் பிரஜாவுரிமைச் சிக்கல் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம். 1977, 1983 வன்செயல்களுக்குப் பயந்து வன்னிக்குப் போன நம் சனம் அங்கே யுத்தத்திலும் அகப்பட்டது.

ஆகவே, பேசிப் பயனில்லை என்று சிலர் சொல்வதை நாம் ஏற்கவில்லை. 2002இல் ஏ9 பாதை திறந்தது, சாவு குறைந்தது. அரைகுறைச் சமாதானம்கூட உயிர்களைக் காக்கும். ஆனால் காவல் இல்லாத ஒப்பந்தம் நிற்காது. 2021இல் சம்பள நிர்ணய சபை 1000 ரூபாவைத் தீர்மானித்ததும் முதலாளிமார் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகியதை நாமே கண்டோம்.

இனி அரசியல் தீர்வு என்று யார் வந்தாலும் மூன்றைக் கேட்போம். வாசகம் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் முன் வாசிக்கப்பட வேண்டும். எதை, யார், எந்தத் திகதிக்குள் செய்வது என்று எழுத வேண்டும். மலையக மக்களுக்கும் மேசையில் இடம் வேண்டும்.

தோட்டத் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேச்சுக்கு எடுங்கள்.