காட்டுல தொட்டி கட்டுறதுக்கு முன்னாடி...

மார்ச் பொறந்தா போதும். டேங்கர் லாரி காட்டுக்குள்ள போய் சிமெண்ட் தொட்டியில தண்ணி ரொப்புற போட்டோ வந்துடும். பாக்கிறவங்க எல்லாம் 'புண்ணியமாப் போகும்'னு சொல்லிட்டு நகர்ந்துடுவாங்க. நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடப் போறேன், கல்லெடுக்காதீங்க மக்களே :-)

தவிக்கிற மிருகத்துக்குத் தண்ணி குடுக்கறது தப்புன்னு சொல்ல வரல. கடும் வறட்சின்னா குடுத்துத்தான் ஆகணும். அந்த அவசர வேலையே நிரந்தரமாயிடறதுதான் எனக்கு உறுத்துது.

தென்னாப்பிரிக்காவுல க்ரூகர் தேசியப் பூங்கான்னு ஒண்ணு இருக்கு. 1930கள்ல ஆரம்பிச்சு 300க்கும் மேல போர்வெல் போட்டாங்க. நல்ல எண்ணம்தான். அங்க வடக்குல, தண்ணி கம்மியான சமவெளியில, ரோன்னு ஒரு அரிய மான் இனம். உசரமான புல்லுக்குள்ளதான் குட்டிய ஒளிச்சு வெக்கும். வருஷம் முழுக்கத் தண்ணி கெடைச்சதும் வரிக்குதிரைக் கூட்டம் வந்து டேரா போட்டுச்சு. புல்லு காலி. வரிக்குதிரை பின்னாடியே சிங்கம். வறட்சியும் சேந்துக்கிச்சு. 1986ல சுமார் 450 இருந்த ரோன், 1993ல சுமார் 45! அப்புறம்தான் அந்தப் பக்கத்துத் தண்ணிக் குட்டைகளை மூட ஆரம்பிச்சாங்க.

நம்ம முதுமலை க்ரூகர் இல்லதான். ஆனா ஒரு யானை நாளுக்கு 100 லிட்டருக்கு மேல குடிக்கும். தொட்டி எங்கயோ அங்கதான் கூட்டம் நிக்கும், சுத்தி இருக்கற செடி கொடியெல்லாம் மொட்டை. எல்லா டிராஃபிக்கையும் ஒரே சர்வருக்குத் திருப்பிவிட்ட மாதிரி. அதுலயும் லாரி போக வசதின்னு ரோட்டோரமா, ஊரோரமா தொட்டி கட்டினா, யானையை நாமளே வெத்தல பாக்கு வெச்சுக் கூப்பிடறோம்.

தண்ணி எங்க இருக்குன்னு யானைக்கு நல்லாவே தெரியும். சீகூர் பக்கம் கோடையில மாயாறு வரைக்கும் நடக்கும். நடுவுல ரிசார்ட்டும் வேலியும் முளைச்சா எப்படிப் போகும்? அந்த வழித்தடத்துக்குத் தமிழ்நாடு அரசு 2010ல போட்ட அறிவிப்பு செல்லும்னு சுப்ரீம் கோர்ட் 2020 அக்டோபர்லதான் சொல்லிச்சு. பத்து வருஷம்! தொட்டின்னா பத்து நாள்ல கட்டி ரிப்பன் வெட்டிடலாம். வேலியப் பிடுங்கறதுக்கு யாரு ரிப்பன் வெட்டப் போறா?

எங்க ஆபீஸ்லயும் தொட்டி கட்ட ஆளுக்கு 500 ரூபா கேட்டு மெயில் வந்துச்சு. பக்கத்துல ஆறு இருக்கா, அதுக்குப் போற வழி தொறந்திருக்கான்னு திருப்பிக் கேட்டிருக்கேன். பதில் வரட்டும், காசு தர்றேன்.