கால் நின்றால் கணக்கும் நிற்பதா?

எடைக்கல்லில் ஏமாற்று, முழக்கோலில் மோசடி! இவற்றைக் கண்டு கொதித்தவர்கள் பாட்டாளித் தோழர்கள். அளவுகோல் யார் கையில் இருக்கிறதோ, அவன் சொல்வதே அளவு என்பது நாம் பட்டறிந்த பாடம். மருத்துவ உலகிலும் அப்படி ஒரு வழக்கு உண்டு. அதையும் கேளுங்கள்.

டூஷேன் தசைநலிவு என்பது பிறவி நோய். பெரும்பாலும் ஆண்பிள்ளைகளையே பிடிக்கும். தசையைக் காக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் உடலில் உருவாகாததே காரணம். ஓடியாடிய சிறுவன் படியேறத் திணறுவான். பத்து, பன்னிரண்டு வயதையொட்டிப் பலர் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுவர். பிறகு கை தளரும். மூச்சும் இதயமும் தளரும்.

நோய் முற்றியதா, மருந்து தடுத்ததா? அளந்தால்தானே தெரியும்! 1943-ல், போர்க்காலத்தில், நரம்பில் காயமுற்றோருக்காகப் பிரிட்டனில் 0 முதல் 5 வரை மதிப்பெண் வகுத்தனர். தசையில் துடிப்பே இல்லையேல் 0. முழு வலிமைக்கு 5. இடையிலுள்ள 4 என்பதோ பெரிய கோணி! சிறிது எதிர்த்துத் தள்ளினாலும் 4. நன்றாகத் தள்ளினாலும் 4. வலிமை எவ்வளவோ குறைந்த பிறகும் எண் அசையாது. எனவே விசையை எண்ணிக் காட்டும் கைக்கருவி வந்தது. ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறான் என்று பார்க்கும் சோதனையும் வந்தது.

எடெப்லிர்சன் என்ற மருந்தை அமெரிக்காவில் 12 சிறுவர்களிடம் சோதித்தார்கள். மருந்து நடையைக் காத்தது என்று 2013-ல் முடிவு வெளியிட்டார்கள். ஆனால், மருந்து ஏற்றப்பட்டவர்களில் இருவர் சில மாதங்களிலேயே நடையை இழந்திருந்தார்கள். அவர்களை நடைக்கணக்கிலிருந்து விலக்கிவிட்டார்கள்! நடந்தவன் கணக்குக்குள்ளே, விழுந்தவன் கணக்குக்கு வெளியே! இதுவா அளவு?

2016 ஏப்ரலில் அரசின் ஆலோசனைக் குழு, 7-க்கு 6 என்று மருந்துக்கு எதிராக வாக்களித்தது. ஆயினும் செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. நடைக்காக அல்ல, தசையில் டிஸ்ட்ரோபின் சிறிது கூடியதற்காக! நோயாளிக்கு நன்மை இன்னும் நிறுவப்படவில்லை என்றும் அப்போதே சொன்னார்கள். அன்றைய விலையோ ஆண்டுக்குச் சுமார் மூன்று லட்சம் டாலர்!

பிள்ளையைப் பறிகொடுக்க அஞ்சும் தாயின் கண்ணீரை நாம் அறிவோம். அதற்காக அளவைத் தளர்த்தச் சொல்லமாட்டோம். பொய்யளவு அந்தத் தாயின் நம்பிக்கையையே விலைபேசும்.

நடையிழந்தவனிடம் அளக்க ஒன்றுமே இல்லையா? தன் உணவைத் தானே எடுத்து உண்ணும் கை, நாற்காலியை ஓட்டும் விரல், சளியை இருமித் தள்ளும் வலிமை, இவையெல்லாம் வாழ்வல்லவா? கையும் தோளும் செய்யும் வேலைக்கு அளவுகோல் இன்று உண்டு. மூச்சை அளக்கும் கருவியும் உண்டு. அவற்றை முன்வரிசைக்குக் கொண்டுவரட்டும். சோதனையில் சேர்ந்தவர் ஒருவரையும் விடாமல் எண்ணட்டும்.

கால்தான் நின்றது, பையன் வாழ்கிறான். கணக்கு மட்டும் ஏன் நிற்கவேண்டும்?