‘பழக்கம் உண்டா?’ என்று கேட்டால் போதாது

ஆரம்ப சுகாதார நிலையத்தின் வெளிநோயாளர் பிரிவில், நெடுநேரம் வரிசையில் நின்று களைத்துப்போன கொத்தனார் ஒருவர் நாற்காலியில் வந்து அமர்கிறார், செவிலியர் அவர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்து, நூற்றறுபதுக்கு நூறு என்று சொல்ல, மருத்துவர் எழுதுகிற சீட்டிலிருந்து தலை நிமிராமலே, "பழக்கம் ஏதாவது உண்டா?" என்று கேட்கிறார். பின்னால் மனைவி நிற்கிறாள். "எப்பவாவது, நல்லது கெட்டதுக்குத்தான் சார்" என்று அவர் சொல்லும் விடை அட்டையில் ஒற்றைச் சொல்லாக ஏறுகிறது. மாத்திரைச் சீட்டு கைக்கு வருகிறது. அடுத்த பெயர் கூப்பிடப்படுகிறது. நாள்தோறும் வேலை முடிந்து ஒரு குவார்ட்டர் அருந்துகிறவரும், தீபாவளிக்கு ஒருமுறை அருந்துகிறவரும் கேட்ட மாத்திரத்தில் சொல்லுகிற பதில் இதுவே. இந்தக் கேள்வியால் எவருக்கும் எள்ளளவு பிரயோஜனமும் இல்லை என்பதும், இதைவிட நல்ல கேள்விகள் கைவசம் இருக்கும்போது நமது வைத்தியசாலைகள் அவற்றைக் கேளாதிருப்பது பெரும் தவறு என்பதும் நமது திடமான அபிப்பிராயம்.

1937-இல் ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்த காலந்தொட்டு, 1971-இல் அது தளர்த்தப்பட்டதற்கும் பின்னர் இன்றுவரை, மதுவைப் பற்றிய நமது வாதங்கள் எல்லாம் கடையைத் திறப்பதா மூடுவதா என்பதைச் சுற்றியே நடந்துவந்திருக்கின்றன. அது அவசியமான வாதமே. ஆனால் அந்த வாதத்தில் நமது கண்முன் நிற்பவன் எப்போதும் குடும்பத்தை அழித்துத் தெருவில் விழுந்து கிடக்கும் குடிநோயாளி ஒருவனே. 2019-இல் வெளியான, டெல்லி எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வின்படி, இந்நாட்டில் மது அருந்துவோர் சுமார் 16 கோடி. அவர்களில் மதுவுக்கு அடிமைப்பட்டோர் 2.9 கோடி, அடிமைப்பட்டோரையும் சேர்த்து, குடியினால் தீங்குற்று உதவி தேவைப்படுவோர் 5.7 கோடி. அதாவது அடிமையாகிவிடவில்லை, ஆயினும் ஈரலும் இரத்த அழுத்தமும் கைப்பணமும் மெல்ல மெல்லச் சீர்கெட்டு வருகின்றன என்ற நிலையில் உள்ளவர்கள் ஏறக்குறைய மூன்று கோடிப் பேர். அவர்கள் மறுவாழ்வு இல்லத்தின் வாசலை மிதிக்கப்போவதில்லை. தம்மைக் குடிகாரர் என்று அவர்கள் கருதுவதே இல்லை. ஆனால் காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் வயிற்றெரிச்சலுக்கும் மருத்துவரிடம் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

அப்படி வருகிறவர்களை அடையாளம் காணும் பொருட்டே, உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் ஆராய்ந்து பத்துக் கேள்விகள் கொண்ட ‘ஆடிட்’ என்ற வினாப்பட்டியலை வகுத்துத் தந்தது. எத்தனை நாளைக்கு ஒருமுறை, ஒரு நாளில் எவ்வளவு, ஒரே வேளையில் ஆறு அளவுக்குக் குறையாமல் அருந்துவது எத்தனை முறை என்று தொடங்கும் அந்தப் பட்டியலுக்கு மொத்த மதிப்பெண் 40. எட்டை எட்டினாலே அபாயத்தின் அறிகுறி. அந்த மூன்றாவது கேள்வியை நம் ஊர்க் கணக்குக்கு மாற்றிப் பார்க்கவேண்டும். பத்துக் கிராம் சாராயச் சத்து ஓர் அளவு என்று கொண்டால், நம் கடைகளில் விற்கும் 180 மில்லி பிராந்திக் குவார்ட்டர் ஒன்றில் இருப்பது ஏறத்தாழ அறுபது கிராம், அதாவது ஆறு அளவு. உலகம் அபாயம் என்று வரையறுத்ததைத்தான் நமது உழைப்பாளி "ஒரே ஒரு குவார்ட்டர்தானே" என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்கிறார். இதை அவருக்கு எடுத்துச் சொன்னவர் எவரும் இல்லை.

எடுத்துச் சொல்வதுதான் சிகிச்சையின் முதற்படி. "குடியை விட்டுத் தொலை" என்ற உபதேசத்தை அவர் வீட்டில் நிறையவே கேட்டிருக்கிறார். தனியாக உட்காரவைத்து, "அண்ணே, போன மாசம் எத்தனை நாள் சாப்பிட்டீங்க? ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று வெறுப்பும் கண்டிப்பும் இன்றிக் கேட்டு, அவர் சொன்ன அளவுக்கும் அவருடைய பிரஷருக்கும் உள்ள சம்பந்தத்தை விளக்கி, "இதைக் குறைக்கணும்னா எங்கேயிருந்து ஆரம்பிக்கலாம், நீங்களே சொல்லுங்க" என்று தீர்மானத்தை அவர் கையிலேயே விட்டுவிடும் ஐந்து பத்து நிமிடச் சம்பாஷணையே இங்கு மருந்து. சம்பள நாளன்று நேரே வீட்டுக்குப் போவதாகவோ, வாரத்தில் நான்கு நாள் தொடுவதில்லை என்றோ அவரே ஒரு வழி சொல்வார். தாமே சொன்ன வழியில் மனிதனுக்கு ஒரு பிடிப்பு உண்டு.

இதன் பலனை மிகைப்படுத்திச் சொல்ல நாம் விரும்பவில்லை. 69 ஆராய்ச்சிகளைத் திரட்டி 2018-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, இத்தகைய சுருக்கமான ஆலோசனை பெற்றவர்கள் ஓராண்டுக்குப் பின், பெறாதவர்களைவிட வாரத்துக்குச் சுமார் இருபது கிராம் குறைவாக அருந்தினார்கள் என்று கண்டது. தனி ஒருவருக்கு அது இரண்டு ஸ்மால் பெக். கோடிக்கணக்கானோரைக் கொண்ட நாட்டுக்கோ அது சாமானியமன்று. இன்னும் நெருக்கமான நிரூபணம் கோவாவிலிருந்து வந்திருக்கிறது. அங்கே சங்கத் என்ற ஸ்தாபனத்தார் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், தீங்கு தரும் அளவுக்குக் குடித்துவந்த 377 ஆண்களைக் கொண்டு ஒரு பரீட்சை நடத்தினார்கள். மனநல மருத்துவத்தில் தொழில்முறைப் பயிற்சி ஏதும் முன்பு பெறாத சாமானியர்களைப் பழக்கி, நான்கு அமர்வுகளுக்குள் பேசவைத்ததில், மூன்று மாதத்தில் அபாய எல்லையைக் கடந்து மீண்டவர்கள் நூற்றுக்கு 36 பேர். அந்த ஆலோசனை பெறாதவர்களிலோ 26 பேர். 2017-இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்ட முடிவு இது. ஆலோசனைக்கு மனநல நிபுணரே வேண்டும் என்று நமது அதிகாரிகள் கைவிரிக்க இனி இடமில்லை.

மருத்துவருக்கு அவகாசம் இல்லை என்பார்கள், உண்மைதான். அதனால்தான் தொற்றா நோய்ப் பிரிவுச் செவிலியரிடம் இப்பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்கிறோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் வீடுவீடாகச் சென்று பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்களே, அவர்களே கேட்டுவிடலாமே என்று சிலர் யோசனை கூறலாம். திண்ணையில், மனைவி மக்கள் முன்னிலையில் கேட்கப்படும் கேள்விக்கு உண்மையான பதில் வராது. வந்துவிட்டால் அன்றிரவு அந்த வீட்டில் கலகமே மூளக்கூடும். தன்னார்வலர் சுகாதார நிலையத்துக்கு அழைத்துவிட்டால் போதும். கேள்வி அங்கே, கதவு சாத்திய அறையில் கேட்கப்படட்டும். மதிப்பெண் இருபதை எட்டியவர்களுக்கு இந்தச் சுருக்கப் பேச்சு போதாது. பல்லாண்டு நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரும் என்பதால், அவர்களைத் தாமதமின்றி மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பும் வழியும் கூடவே அமையவேண்டும்.

டாஸ்மாக் மூலம் ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டும் சர்க்கார், தான் விற்ற சரக்கினால் விளையும் நோயைக் கேட்டறியும் கடமையையும் ஏற்கவேண்டும். கடை மூடப்படும் நாள் வரட்டும் என்று அந்தக் கொத்தனாரின் ஈரல் காத்திருக்காது. இதற்கு ஆகும் செலவோ சொற்பம்: தமிழில் அச்சிட்ட பத்துக் கேள்விகள், செவிலியர்களுக்குச் சில நாள் பயிற்சி, தனியே பேச ஓர் அறை. தொற்றா நோய் அட்டையில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் அடுத்தபடியாக மது மதிப்பெண்ணுக்கும் ஒரு கட்டம் வரைந்து, அதை நிரப்பாமல் எவருக்கும் மாத்திரைச் சீட்டு வழங்கலாகாது என்று சுகாதாரத் துறை இவ்வாண்டே உத்தரவிட வேண்டும்.