கல் கக்கும் கரிவளி

குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் மேலகரம். அப்பகுதியில் பழைய வீடுகளைச் சுண்ணக்காரை தாங்கிற்று. இன்றைய வீடுகளைச் சிமிட்டி எனப்படும் பைஞ்சுதை தாங்குகிறது. நெல்லையை அடுத்த தாழையூத்தில் 1949-இலேயே பைஞ்சுதை ஆலை எழுந்தது.

ஆலைப் புகையைக் காண்போர் நிலக்கரியையே பழிப்பர். ஆனால், பழியில் பெரும்பங்கு கல்லுக்குரியது. தூய சுண்ணக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு எஞ்சும். 44 கிலோ கரிவளியாய் வானேறும். எரிபொருளை மாற்றினாலும் இந்த 44 குறையாது.

காரைச் சுண்ணாம்பும் சுட்ட கல்தானே எனலாம். மெய்யே. ஆயின், காரை இறுகும்போது, கல் விட்ட வளியின் பெரும்பகுதியைக் காற்றிலிருந்து மீட்டுக்கொள்கிறது. பைஞ்சுதையோ நெடுங்காலத்தில் ஒரு பகுதியையே மீட்கும்.

வழி யாது? ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் உலையில் திரளும் சுடுகட்டியைக் குறைப்பதே வழி. அனல்மின் நிலையங்களின் நுண்சாம்பலை 35 விழுக்காடு வரை கலக்க இந்தியத் தர அளவை இடந்தருகிறது. சாம்பல் அருகும் நாளுக்கும் மாற்று உண்டு: ஏறத்தாழ 800 பாகையில் சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணக்கல்லும் சேர்ந்து சுடுகட்டியில் பாதியை ஈடுசெய்யும். இதற்கும் 2023-இல் தர அளவை வகுக்கப்பட்டது.

சாம்பல் கலந்தது மெல்ல இறுகும் எனக் கொத்தனார் தயங்குவர். பல நாள் நனைத்துப் பொறுத்தால் பின்னாளில் அதன் வலிமை குறைவுபடாது.

ஓராண்டு குற்றாலச் சாரல் பிந்தினால் ஓர் ஆலையைக் குற்றஞ்சாட்டுவது அறிவாகாது. ஆயினும், ஞாலம் வெம்மையுற மழையின் ஒழுங்கு குலையும் என்பது அறிவியல் கண்ட உண்மை. கரிவளியைச் சுழியமாக்க 2070-ஐக் கெடுவாக இந்திய அரசு 2021-இல் அறிவித்தது. அரைநூற்றாண்டுக் கெடு ஆலை முதலாளிக்கு ஆறுதல். சிற்றாற்று நீரை நம்பி நாற்றுவிடும் உழவனுக்கு அன்று.

பாலமும் பள்ளியும் கட்டுவிப்பது அரசு. தக்க இடமெல்லாம் கலவைப் பைஞ்சுதையே வேண்டுமெனத் தமிழக அரசு தன் ஒப்பந்தங்களில் எழுதட்டும். மூட்டைதோறும் சுடுகட்டியின் பங்கைத் தமிழில் பொறிக்கச் செய்யட்டும். வாங்குவோனுக்கு விளங்காத மொழியில் அச்சிட்ட அறிவு எவரையும் காவாது. தமிழர்களே, வீடு கட்டுமுன் கேளுங்கள்: இம்மூட்டையில் சுட்ட கல் எவ்வளவு?