இரவு வீதியுலாவும் புகைப்படக் கருவியும்

புலம்பெயர்ந்த நாடுகளின் ஆலயங்களில் இரவிலே சுவாமி வெளிவீதி வரும் காட்சி இப்போது பெரிதும் மாறிவிட்டது. முன்வரிசையில் நிற்பவர் கைகூப்புவதில்லை. கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடிக்கிறார். அவருக்குப் பின்னால் நிற்கும் வயோதிப அம்மா அம்பாளைத் தரிசிப்பது அந்தச் சிறு கண்ணாடித் திரையில்தான். வாகனம் கடந்து போனபின், படம் சரியாக வரவில்லையே என்ற மனக்குறை வேறு.

படம் எடுப்பதே தவறு என்று வாதாடுவது நியாயமல்ல. 1983க்குப் பின் ஜேர்மனிக்கு வந்தவர்களில் எத்தனையோ குடும்பங்கள் ஒரு அல்பம்கூடக் கொண்டு வரவில்லை. வீட்டோடு எரிந்தவை பல, இடம்பெயர்ந்தபோது கைவிடப்பட்டவை பல. ஊர்க் கோயில் திருவிழாவில் தகப்பனார் தோள்கொடுத்து நின்ற ஒரேயொரு படம் கிடைக்காதா என்று ஏங்குவோர் இன்றும் இருக்கிறார்கள். ஊரிலே நடமாட முடியாத தாய்க்கு, வுப்பர்டாலில் பேரப்பிள்ளை காவடி எடுப்பதைக் காட்ட வேறு வழியுமில்லை. ஆகவே படம் வேண்டும்; நல்ல படமாக வேண்டும். அதற்குத்தான் இன்றைய வழக்கம் உதவுவதில்லை.

முதற் குற்றவாளி பிளாஷ் வெளிச்சம். கைத்தொலைபேசியின் பிளாஷ் மூன்று, நான்கு மீற்றருக்கு அப்பால் பயன் தராது. தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் காற்பங்காகிவிடும் என்பது பௌதிக விதி. பத்து மீற்றர் தள்ளி நிற்கும் சுவாமிக்கு அது போய்ச் சேர்வதில்லை; முன்னால் நிற்பவரின் பிடரிதான் பளிச்சென்று விழுகிறது. சாம்பிராணிப் புகை இடையில் வந்தால் படம் முழுவதும் வெண்மூடுபனி. இதைவிடப் பாரதூரமானது வேறொன்று. ஈரமான தரையிலே வாகனத்தைத் தோளில் தாங்கி வருபவரின் கண்ணில் அந்த வெளிச்சம் அடித்தால், சில விநாடிகள் அவருக்கு அடுத்த அடி தெரியாது. வாகனம் சரிந்தபின் யாரை நோவது?

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பிளாஷ் பிறந்ததே ஜேர்மனியில்தான். 1887இல் அடோல்ஃப் மீத்தே, யொஹானஸ் கேடிக்கே என்ற இருவர் மக்னீசியத் தூளைக் கொண்டு மின்னல் வெளிச்சம் உண்டாக்கினார்கள். யாழ்ப்பாணத்து இரவுத் திருவிழாக்களுக்கு ஒளி கொடுத்த பெற்றோமாக்ஸ் விளக்கும் பெர்லினிலிருந்து வந்ததே. பிளாஷ் இல்லாமல் எடுக்கும் வழியைக் காட்டியதும் இதே நாடு. 1920களின் பிற்பகுதியில் எரிக் சாலமன் என்ற பெர்லின் படப்பிடிப்பாளர், டிரெஸ்டனில் செய்த எர்மனொக்ஸ் கருவியுடன் மாநாட்டு மண்டபங்களுக்குள் சென்று, அங்கிருந்த விளக்கொளியிலேயே அரசியல்வாதிகளைப் படம் பிடித்தார். அவர் யூதர்; 1944இல் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார். இருந்த ஒளியிலே எடுத்த அவருடைய படங்கள் இன்றும் பேசப்படுகின்றன.

விளக்கு ஊர்வலத்தை எப்படி எடுப்பது என்று பழக வுப்பர்டாலிலேயே ஆண்டுதோறும் வாய்ப்பு உண்டு. நவம்பர் 11ஐ ஒட்டி நடக்கும் சென்ற் மார்ட்டின் ஊர்வலத்தில் தமிழ்ப் பிள்ளைகளும் கடதாசி விளக்கேந்திப் போகிறார்கள். அன்று சூரியன் ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும். யாழ்ப்பாணத்தில் அந்தி சட்டென்று இருளும். இங்கே வானம் அரை மணி நேரத்துக்கு மேலாக நீலமாக நிற்கும். விளக்கும் முகமும் ஒருங்கே தெளியும் வேளை அதுதான். பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் 1922இல் தொடங்கிய விளக்கு ஊர்வலம் டிலிமான் வளாகத்தில் டிசம்பர் மாதங்களில் நடந்து வருகிறது. அங்கும் இதே பாடந்தான்: உள்ளிருந்து ஒளிரும் விளக்கின்மேல் பிளாஷ் அடித்தால் மிஞ்சுவது வெறும் கடதாசியும் கம்பியும். சுவாமி உலாவுக்கும் இது பொருந்தும். நடந்து வரும்போது எடுத்தால் உருவம் கலங்கும். தீபாராதனைக்காக வாகனம் நிற்கும் கணம்வரை பொறுத்திருந்தால், தீபத்தின் ஒளியே போதும்.

இனிப் பிள்ளைகளின் முகம். இதிலேதான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். ஜேர்மனியில் ஒருவரின் உருவப்படத்தை வெளியிட அவருடைய சம்மதம் வேண்டும் என்பது 1907ஆம் ஆண்டுச் சட்டம். 1898இல் இறந்த பிஸ்மார்க்கின் அறைக்குள் புகுந்து இருவர் சடலத்தைப் படம் பிடித்த விவகாரமே அதற்குத் தூண்டுகோல். ஊர்வலத்துக்கு அச்சட்டம் விலக்களிக்கிறது என்பது உண்மை. ஆனால் அது ஊர்வலத்தைக் காட்டும் படத்துக்கே உரியது. கும்பலிலிருந்து ஒரு சிறுமியின் முகத்தை மட்டும் கிட்ட இழுத்து எடுத்து உலகத்துக்கெல்லாம் பரப்புவதற்கு அல்ல. பால்குடம் எடுக்கும் பெண்பிள்ளை, நனைந்த சேலையோடு நிற்கும் தாய், கலைவந்து ஆடுபவர் ஆகியோரைக் கேளாமல் எடுத்து ஊரெல்லாம் அனுப்புவதைச் சட்டம் ஒருபுறமிருக்க, மரியாதை அனுமதிக்குமா? பாடசாலையும் பாலர் நிலையமும் பெற்றோரின் கையொப்பம் கேட்டு வாங்குகின்றன. அதே பெற்றோர் கோயில் வீதியில் யாரையும் கேட்பதில்லை.

சபைகள் செய்யக்கூடியது கடினமானதல்ல. கிரிஃப்லன்பேர்க் குன்றிலுள்ள வுப்பர்டால் பல்கலைக்கழகத்தில் பயிலும் பிள்ளைகளில், கருவியில் கைதேர்ந்த இருவரைத் திருவிழாவுக்குப் பொறுப்பாக்கலாம். அவர்கள் நிற்க இரண்டு மூலைகளை முன்கூட்டியே குறித்துக் கொடுக்கலாம். எடுத்த படங்களிலிருந்து தேர்ந்தவற்றைச் சபை அங்கத்தவர்களுக்குக் கொடுத்தால், ஒவ்வொருவரும் முண்டியடிக்கத் தேவை இராது. இளைஞர் இதற்கு இணங்கமாட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். கைத்தொலைபேசியை முதலில் உயர்த்துபவர்கள் பெரும்பாலும் பெரியவர்களே என்பதைத் திருவிழாவுக்குப் போனவர்கள் அறிவார்கள். வசந்தமண்டபப் பூசை முடிந்து சுவாமி எழுந்தருளுமுன், பிளாஷை அணைத்து வைக்கும்படி தமிழிலும் ஜேர்மன் மொழியிலும் ஒலிபெருக்கியில் ஒருமுறை அறிவிக்கட்டும். அடுத்த திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நிர்வாகக் கூட்டத்தில் இதை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம்.